ஃபார்கோ வண்டியின் முதல் சவாரி

மட்டாஞ்சேரி
24-6-1979

அன்புள்ள முத்து அண்ணனுக்கு,

தங்கை ஆவுடை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பயத்தில் அவளே அப்பாவிடம் சொல்லிவிடுவாள்.

உன் விலாசம் ஜோசப் சேட்டன் தந்தார். ஹார்பரில் படகுகளுக்கு வெல்டிங் செய்கிறாரே, அவர்தான். கோயம்புத்தூரில் உன்னை ஒரு வொர்க்‌ஷாப்பில் பார்த்தாராம், ஆள் தடித்துவிட்டானென்று சொன்னார். மூன்று வருஷமாக நீ உயிரோடு இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் இருந்தோம். அதில் எனக்கு உன்மேல் கோபம் உண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது அவசரம் வேறு.

அப்பா ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறார். பஜார் ரோட்டில் மூடிக் கிடக்கும் வெள்ளைக்காரன் கிடங்குக்குப் பின்னால் மழையிலும் உப்புக்காற்றிலும் வருஷக்கணக்காக நின்ற வண்டி. மூக்கில் ஃபார்கோ என்று எழுதியிருக்கிறது. 1951-ல் வந்ததாம். தன் கைவண்டி ஆட்களை வைத்தே கயிறு கட்டி இழுத்து வந்து, நம் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். இனி கைவண்டி வேண்டாம், களமசேரி வரைக்கும் லோடு அடிக்கலாம் என்கிறார். கதவைத் திறந்தால் கதவு கையோடு வருகிறது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஜோசப் சேட்டன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பிச்சை அண்ணாச்சி, இதுக்கு மெக்கானிக் போதாது. பள்ளியில இருந்து பாதிரி அச்சன் வரணும். எண்ணெ தடவி, ப்ரார்த்திச்சு, குழியில வைக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு வண்டி வேலை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. நேற்று ஒரு போல்ட்டைத் திருகித் திருகித் தலையை முறித்துவிட்டார். அந்தக் கோபத்தில் அம்மாவுக்கு அடி விழுந்தது. கஞ்சி சூடாக இருந்ததாம்.

அதனால்தான் கேட்கிறேன். ஒன்றும் தெரியாத ஒருவர் இப்படி ஒரு வண்டியை எங்கிருந்து தொடங்க வேண்டும்? நீ எழுதினால், ஸ்வர்ணலதாவின் அப்பா சொன்னார் என்று சொல்லி அப்பாவின் காதில் போட்டுவிடுவேன். ஸ்வர்ணலதா என் வகுப்புத் தோழி. அவள் அப்பா பஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர், அதனால் அப்பா நம்புவார். பதிலை அவள் வீட்டு விலாசத்துக்குப் போடு. நம் வீட்டில் உன் பேரைச் சொல்லக்கூட இன்னும் அனுமதி இல்லை.

என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளியில் எல்லாமே மலையாளம். இது நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

விளக்கு இன்னும் எரிகிறதே என்று அப்பா உள்ளேயிருந்து கேட்கிறார். நிறுத்துகிறேன்.

உன் தங்கை,
ஆவுடை


உக்கடம், கோயம்புத்தூர்
3-7-1979

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, பிரிக்காமல் ஒரு மணி நேரம் பையில் வைத்திருந்தேன். பிரித்தால் ஃபார்கோ வண்டி.

கோபப்படு, அது உன் உரிமை. அன்றைக்கு அம்மாவை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு அந்த வீட்டில் எப்படி நிற்பது? அப்பா என்னைப் போ என்று சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, வண்டிக்கு வருகிறேன். கவனமாகக் கேள்.

பெயிண்ட் டப்பாவை வாங்கவே விடாதே. புதிதாகச் செய்கிறவன் எவனும் முதலில் பெயிண்ட் அடிக்கத்தான் பறப்பான். அடியில் படுத்து சேஸிஸைப் பார்க்கச் சொல். வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை குத்திக்கொண்டே போக வேண்டும். டங்கென்று கேட்டால் இரும்பு. பொத்தென்று உள்ளே போனால் துரு. துருவின்மேல் தகடு ஒட்டக் கூடாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஜோசப் சேட்டன் வெல்டு வைக்க வேண்டும்.

பிடித்துப்போன போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். மண்ணெண்ணெயும் பழைய எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு மறந்துவிட வேண்டும். மறுநாளும் ஊற்ற வேண்டும். பிறகு முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, அதன்பின் தளர்த்த வேண்டும். அப்பாவுக்கு இது பிடிக்காது, ஆனால் முறியாது. கழற்றியதை எல்லாம் பால் டின்களில் தனித்தனியாகப் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டு. அந்த வேலையை நீயே எடுத்துக்கொள். பிரேக் சரியாகும்வரை எஞ்சின் பேச்சே கூடாது. ஓடத் தெரிந்த வண்டி ஊரில் நிறைய உண்டு, நிற்கத் தெரிந்ததுதான் குறைவு.

ஃபார்கோவில் நான் கை வைத்ததே இல்லை. இங்கே பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது போய் நம் வீட்டில் நிற்கிறது, நான் இங்கே இருக்கிறேன். அதன் முகத்தைப் படம் வரைந்து அனுப்பு.

அண்ணன்,
முத்துராமலிங்கம்


மட்டாஞ்சேரி
2-9-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓணம் வருகிறது. தெருவெல்லாம் பூ விற்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. சேஸிஸில் இடதுபக்கம் ஒரு முழம் பொத்தென்று போனது. ஜோசப் சேட்டன் வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தார். அதன் பிறகு ஒரு போல்ட்கூட முறியவில்லை. முறியாததால் வீட்டில் அடியும் இல்லை. அம்மா சிரித்ததை நான் பார்த்தேன். பால் டின் எல்லாம் என் பொறுப்பு. அப்பா கொட்டகையிலிருந்து, "ஆவுடே, முன்னாடி ஸ்பிரிங்கு டின்ன எடு" என்று கூப்பிடும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிரேக் பிடிக்கிறது. பின்பக்கப் பெட்டியை ஆஞ்சிலிப் பலகையில் ஓர் அடி நீட்டிச் செய்தாகிவிட்டது. எஞ்சின்தான் விரிசல் விட்டுப் போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு டீசல் எஞ்சின் வந்து இறங்கியிருக்கிறது. தோப்பும்படியில் உடைத்த மீன்பிடிப் படகிலிருந்து எடுத்ததாம். மீன் வாடை இன்னும் போகவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் அழகர் மாமா. அம்மாவின் சித்தப்பா மகன், தென்காசியிலிருந்து லாரி ஓட்டுகிறவர். நீ அவரோடு கிளீனராகப் போயிருக்கிறாய். அவர் எதற்கு இவ்வளவு அக்கறையாக வருகிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நேற்று கொட்டகைக்குச் சாயா கொண்டு போனபோது புரிந்தது.

"வண்டி ஓடட்டும் அத்தான், பொறவு தாலியப் பத்திப் பேசுவோம். வாய்லயே வண்டி ஓட்டிக் காமிச்ச மாமனாரு எனக்கு ஏற்கெனவே ஒருத்தரு உண்டு" என்றார் அழகர் மாமா.

"மாப்ள, இந்த வண்டியோட மொத சவாரியே ஒம்ம மாப்பிள்ளை அழைப்புதான். கோமதியம்மனுக்கு நேந்திருக்கேன். அதுக்கு முந்தி ஒரு மூட மிளகுகூட இதுல ஏறாது" என்றார் அப்பா.

வண்டியை அவர் பேரில் எழுதி, என்னையும் அவரோடு அனுப்பப் போகிறார்கள். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை. ஓட்ட வீட்டு ஆள் வேண்டும். நான்தான் அந்த வழி.

அண்ணா, எனக்குப் பதினைந்து முடிந்து பதினாறு. மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் பாக்கியலக்ஷ்மி டீச்சர், நீ பாஸாகிவிட்டால் டீச்சர் டிரெய்னிங்குக்கு நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீ எழுதிய ஒவ்வொரு யோசனையையும் நான்தான் அப்பாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். இனி எழுதாதே. அல்லது தப்பாக எழுது.

ஆவுடை


உக்கடம், கோயம்புத்தூர்
12-9-1979

அன்புத் தங்கச்சி ஆவுடைக்கு,

தப்பாக எழுத என் கைக்கு வராது. கல்யாணப் பேச்சு பேச்சாகவே போய்விடும், பார். அழகருக்கு நாக்கு நீளம், கால் ஓர் இடத்தில் நிற்காது. அப்பாவும் கோபத்திலும் சந்தோஷத்திலும் சொல்வதைப் பாதி மறந்துவிடுவார்.

படகு எஞ்சின் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சொன்னேன். கொச்சிக்காரனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று மேஸ்திரி சிரித்தார். ஆனால் செய்யலாம். அது இத்தனை நாளும் கடல் தண்ணீர் குடித்து வளர்ந்த எஞ்சின். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு கட்டியிருக்கும். பக்கவாட்டில் வட்ட மூடிகள் இருக்கும், அவற்றைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுச் சுரண்டி, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுங்கள். டீசல் எஞ்சின் கனம், மூக்கு தரையில் இடிக்கும். எஞ்சின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

இன்னொன்று. டீசலுக்குப் பகை காற்றுதான். டேங்கிலிருந்து பம்பு வரைக்கும் உள்ள குழாயில் ஓரிடத்தில் நட்டு லேசாகத் தளர்ந்திருந்தாலும் போதும். டேங்க் தாழ இருப்பதால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, உள்ளே காற்றுதான் போகும். ஓட்டைக் குழலை வைத்து இளநீர் உறிஞ்சினால் எப்படி? அதேதான். புதிதாகச் செய்கிறவன் பம்பைக் குறை சொல்வான், டீசல் பீச்சும் நாசிலைக் குறை சொல்வான், வண்டிக்குத் திருஷ்டி கழிப்பான். முடிச்சு அந்த மூட்டில் இருக்கும். எல்லாம் இறுக்கிய பிறகு, ஃபில்டரின் மேல் திருகைத் திறந்து, கையால் பம்பு அடித்து, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை விட வேண்டும். பிறகு அடித்தால் ஸ்டார்ட் ஆகாமல் எங்கே போகும்?

படம் நன்றாக இருந்தது. வொர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

முத்துராமலிங்கம்


மட்டாஞ்சேரி
18-11-1979

அண்ணா,

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நான்.

ஜோசப் சேட்டனும் அழகர் மாமாவும் ஒரு வாரம் அடித்துப் பார்த்துத் தோற்றார்கள். அப்பாவின் கை பெல்ட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. எனக்குப் பயம் தாங்கவில்லை. குமிழி நிற்கும்வரை டீசலை விட வேண்டுமாம், ஸ்வர்ணலதா அப்பா சொன்னார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்படியே செய்தார்கள். கருப்பாக ஒரு புகை வந்தது. பிறகு கொட்டகைத் தகரம் எல்லாம் நடுங்கியது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்தார். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை. "எம் மவ மண்டைய பாத்தீயளா" என்று எல்லோரிடமும் காட்டினார். அன்றைக்கே தை மாதத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு நான் வண்டிக்கு அடியில் போனேன். டேங்கிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் உள்ள நட்டை, நீ சொன்ன மாதிரி லேசாகத் தளர்த்தினேன். இருட்டில் ஸ்பேனர் இரண்டு தடவை தரையில் விழுந்தது. காலையில் வண்டி ஒரு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று. அன்றிலிருந்து ஓடவில்லை. டீசல் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நீ சொன்னது அவ்வளவு சரி.

நான் கெட்ட பெண்ணா? அழகர் மாமாவின் முதல் பெண்சாதி புளியங்குடியில் பிறந்த வீட்டில் இருக்கிறாளே, அடி வாங்கி அவளுக்கு ஒரு காது கேட்காது என்று அம்மாவே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒனக்கு அப்படி வராதுளா, நீ சொந்தம்லா" என்கிறாள். நீ அவரோடு ஒரு வருஷம் லாரியில் போனவன். உனக்குத் தெரியாததா?

கல்யாணமே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மார்ச் பரீட்சை வரைக்கும் தள்ளிப்போனால் போதும். பாஸானால் பாக்கியலக்ஷ்மி டீச்சர் அப்பாவிடம் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் ஒரு வார்த்தை பேசு. எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

ஆவுடை


உக்கடம், கோயம்புத்தூர்
26-11-1979

ஆவுடைக்கு,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்பேனர் பிடித்துப் பழகாத கை, அதுவும் இருட்டில், சரியான நட்டைக் கண்டுபிடித்திருக்கிறதே. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அழகரைப் பற்றி எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணையும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

பரீட்சை முடியாமல் உனக்குக் கல்யாணம் நடக்காது. அண்ணன் சொல்கிறேன், வைத்துக்கொள். இனி நீ வண்டிக்கு அடியில் போகாதே. ஜாக்கி நழுவினால் உயிர் போகும். அந்த மூட்டு அப்படியே இருக்கட்டும். என்னைத் தவிர அதை எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

படி.

முத்துராமலிங்கம்


மட்டாஞ்சேரி
13-1-1980

அன்புள்ள அண்ணா,

நாளைக்குப் பொங்கல். தை மாதத்து நாள் தள்ளிப்போயிற்று. உன் கடிதத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துவிட்டேன்.

பம்பைக் கழற்றி எறணாகுளத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே சோதித்துப் பார்த்து, பம்பில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாசில் மாற்றினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். ஜோசப் சேட்டன் மெழுகுவர்த்திகூட ஏற்றிப் பார்த்துவிட்டார். அழகர் மாமா போன வாரம் வந்து, "மாசிக்குள்ள ஓடலேன்னா நான் கடையநல்லூர்ல கேட்டிருக்க எடத்தப் பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதிய அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுக்களையில் நின்று, போங்கள், போங்கள் என்று சாமியைக் கும்பிட்டேன்.

அப்பாவைப் பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. கைவண்டிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் கொட்டகைக்குப் போய், ஓடாத வண்டிக்குள் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடிப்பதுகூட இல்லை. அவர் அடிக்காமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவர் வண்டியை ஓடவிடாமல் செய்கிற நானே அவருக்குக் கஞ்சியும் ஊற்றுகிறேன். பரீட்சை முடிந்த அன்றே நானே போய் இறுக்கிவிடுவேன், சத்தியம். வண்டி அவருக்கு வேண்டும். எனக்கு மார்ச் மட்டும் வேண்டும்.

கணக்கில் ஸ்வர்ணலதாவை விட எனக்கு அதிக மார்க். அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளே வந்து உன் கடிதம் வரவில்லை என்று சொன்னாள். ஏன் எழுதவில்லை?

ஆவுடை


மட்டாஞ்சேரி
10-2-1980

அண்ணனுக்கு,

நீ பஸ் ஏறிப் போய் ஒரு வாரம் ஆகிறது. நீ இங்கே இருந்தபோது சொல்ல முடியாததை எழுதுகிறேன். சொல்ல நீ இடம் கொடுக்கவில்லை, எப்போதும் உன்னைச் சுற்றி ஆட்கள்.

அப்பா ஜோசப் சேட்டனிடம் உன்னை வரச்சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியாது. வாசலில் பையோடு நீ நின்றதும், எனக்காகத்தான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்பாவிடம் பேசப் போகிறாய், பரீட்சை முடியட்டும் என்று சொல்லப் போகிறாய் என்று கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அப்பா உன் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம், "வந்தவனுக்குச் சாயா போடு" என்றார். நீ சாயா குடிக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாய்.

அழகர் மாமா வந்தார், ஜோசப் சேட்டன் வந்தார், தெருவே வந்தது. நீ பம்பைத் தொடவில்லை. எஞ்சினைத் தொடவில்லை. சும்மா ஒரு பாவனைக்காவது அங்கே இங்கே தட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, "ஆவுடே, அந்தச் சின்ன ஸ்பேனர எடுத்துத் தா" என்று என்னைக் கூப்பிட்டாய். அத்தனை பேர் நிற்க, என்னை.

குனிந்து கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நீ பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறுக்கினாய். இறுக்கியது போதாதென்று கம்பி சுற்றி முறுக்கி, இனி யாரும் கையால் தளர்த்த முடியாதபடி கட்டினாய்.

"என்னலே, என்ன கோளாறு?" என்று அப்பா கேட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"காத்துப்பா. குழாய் மூட்டு விட்டுருக்கு. தன்னால தளந்திருக்கும்."

"இத்தன மாசமா இந்த ஒரு மூட்டா?"

"ஒரு மூட்டுதாம்ப்பா."

வண்டி முதல் அடியிலேயே எடுத்தது. ஜோசப் சேட்டன், "பாதிரி அச்சன் வந்தாச்சு கேட்டோ" என்று உன்னைக் காட்டிச் சிரித்தார். அழகர் மாமா உன்னைக் கட்டிப்பிடித்து, "மச்சான் கை பட்டா செத்த வண்டியும் எந்திரிக்கும்" என்றார். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவர் ஓங்கிய கையைப் பிடித்ததே, உன்னுடைய அதே கையை. அம்மா கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்து உனக்கு ஊட்டாத குறை. நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது, அணைக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கிணற்றடியில் உன்னைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். "ஒன்ன மாட்டிவிடாமத்தான சொன்னேன், அது பத்தாதா" என்றாய். அவ்வளவுதான் உன் பதில். நீ மாட்டிவிட்டிருந்தால் ஒரு நாள் அடி வாங்கியதோடு போயிருக்கும். பெண் சரியில்லை என்று அழகர் மாமாவும் போயிருப்பார்.

மாசி மாதக் கடைசி முகூர்த்தம். பரீட்சைக்கு முந்தின வாரம். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பாக்கியலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கு வந்தார். அப்பா அவருக்குச் சாயா கொடுத்து, மரியாதையாகப் பேசி, கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

நாள் இன்னும் இருக்கிறது. நீ வந்து சொன்னால் அப்பா இப்போது கேட்பார். இப்போது நீ என்ன சொன்னாலும் கேட்பார். கேட்க மாட்டாரா?

ஆவுடை


உக்கடம், கோயம்புத்தூர்
18-2-1980

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நான் வருத்தப்படவில்லை.

மூன்று வருஷமாக லாரி தார்ப்பாயை விரித்துப் படுத்தவன் நான். காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு நாதி கிடையாது. என்னை வேண்டாம் என்று சொன்ன வீட்டிலிருந்து, வந்து இதைச் சரிசெய் என்று ஆள் வருகிறது. அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கே கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி எழுந்து, என்னால் முடியவில்லை என்று சொல்ல வேண்டுமா? அந்த வாசலில் இரண்டாவது தடவையும் தோற்று இறங்க வேண்டுமா? உன்னால் புரிந்துகொள்ள முடியாது. நீ பெண், உனக்கு எங்கே போனாலும் ஒரு வீடு இருக்கும்.

அழகர் இப்போது குடிப்பதைக் குறைத்துவிட்டான். அவனிடம் தனியாகக் கேட்டேன். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதட்டும், நான் தடுக்க மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னான். அப்பா என்னை இனி அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டார். கொட்டகையை வொர்க்‌ஷாப் ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார். நானும் பக்கத்தில் இருந்தால் உன்மேல் எவன் கை வைப்பான்?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவேன். வண்டிக்குப் பச்சை பெயிண்ட் நான்தான் அடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவை. மாப்பிள்ளையை வண்டியில் அழைத்துவந்து, கால் கழுவி, கையைப் பிடித்து மணவறையில் உட்கார வைக்கிற வேலை கூடப்பிறந்த என்னுடையது. அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. கோபம் ஆறியதும் இரண்டு வரி எழுது.

அண்ணன்,
முத்துராமலிங்கம்


மட்டாஞ்சேரி
24-2-1980

முத்துராமலிங்கம் அண்ணனுக்கு,

நீ கேட்ட இரண்டு வரி.

நேற்று அப்பாவிடம் பேசினேன். நட்டைத் தளர்த்தியது நான்தான் என்று சொன்னேன். அடித்தார். வாங்கிக்கொண்டேன். நினைத்த அளவு வலிக்கவில்லை. உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். முத்து அண்ணன் என்றேன். அது பொய் இல்லை. அவன் வந்து வண்டிக்கு அடியில் படுத்த அன்றைக்கு அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதுவும் பொய் இல்லை.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா சீனி, வண்டிய நிறுத்தி வச்சவனும் அவன்தான். நாலு பேரு முன்னால ஓட்டிக் காமிச்சவனும் அவன்தான். என்ன அழவும் வச்சான்" என்றார். அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை.

கல்யாணம் நிற்காது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. நான் அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டேன். அண்ணன் மணவறைப் பக்கம் வந்தால் நான் எழுந்து தெருவுக்குப் போவேன், வராவிட்டால் தலையைக் குனிந்து உட்காருவேன் என்றேன். மறுபடி கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. அழகர் மாமாவின் காலைச் சித்தப்பா மகன் அப்பு கழுவுவான். அவனுக்கு மோதிரம் என்று ஆசை காட்டியாகிவிட்டது. பெயிண்ட் ஜோசப் சேட்டன் அடிக்கிறார். பச்சை இல்லை, நீலம்.

நீ வர வேண்டாம். அப்பா சொல்லச் சொன்னதும் அதுதான்.

ஸ்வர்ணலதா வீட்டு விலாசத்துக்கும் இனி எழுதாதே. அவளுக்குப் பரீட்சைக்குப் படிக்க இருக்கிறது.

இப்படிக்கு,
பி. ஆவுடையம்மாள்